அஷ்டமியில் விலகும் கணக்கு: வாக்கியப் பஞ்சாங்கத்தின் பிழைக்கு ஒரு வடிவம் உண்டு

சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17 அன்று என்றன, வானத்தின் உண்மை நிலையோடு பொருந்தக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்ததோ அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி. இடைவெளி பதினோரு மாதம். கோயில் பழைய அட்டவணைகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது; பிற கோயில்கள் பலவும் அப்படியே. 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போகிறது என்ற செய்தி பரவியபோது, வாக்கியப்படி அந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று கோயில் தரப்பு விளக்க வேண்டியதாயிற்று. இலங்கையிலும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கியப்படி ஒன்றும் திருக்கணிதப்படி ஒன்றுமாக ஆண்டுதோறும் அச்சாகிறது.

இரண்டில் எது சரி என்ற வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கிறது. ஒரு தரப்பு ரிஷிகள் வகுத்ததை மாற்றக் கூடாது என்கிறது. மறுதரப்பு, வானத்தோடு பொருந்தாத கணக்கைக் கைவிட வேண்டும் என்கிறது. இரு தரப்பும் வாக்கியக் கணிதத்தை முழுதாக ஏற்கின்றன, அல்லது முழுதாகத் தள்ளுகின்றன. வாக்கியம் எந்த இடத்தில், எவ்வளவு, எக்காரணத்தால் விலகுகிறது என்ற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அதன் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கணக்கு வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கிறது. அஷ்டமியை நெருங்கும்போது மணிக்கணக்கில் விலகுகிறது. இந்த ஏற்றத்தாழ்வில் ஒரு வரலாறு இருக்கிறது.

ஐந்து உறுப்புகள்

பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகள் வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். வாரம் தவிர்த்த நான்கும் சூரியன், சந்திரன் இரண்டின் நிலைகளிலிருந்தே பிறக்கின்றன. சூரியனிலிருந்து சந்திரன் ஒவ்வொரு 12 பாகை விலகும்போதும் ஒரு திதி முடிகிறது. 360 பாகைக்கு 30 திதிகள். ஒரு சந்திர மாதத்தின் சராசரி 29.53 நாள். திதியின் பாதி கரணம். பவம், பாலவம் முதல் பத்திரை வரை ஏழு கரணங்கள் மாதத்தில் எட்டு முறை சுழல்கின்றன. சகுனி, சதுஷ்பாதம், நாகவம், கிம்ஸ்துக்கினம் என்னும் நான்கும் அமாவாசையை ஒட்டி ஒரே முறை வருகின்றன. சந்திரன் நிற்கும் 13 பாகை 20 கலைப் பகுதி அன்றைய நட்சத்திரம். சூரியன், சந்திரன் இரண்டின் பாகைகளையும் கூட்டி அதே 13 பாகை 20 கலையால் வகுத்தால் வருவது யோகம்.

இவற்றின் வயது ஒன்றல்ல. திதியும் நட்சத்திரமும் வேதாங்க ஜோதிடத்திலேயே உள்ளன. வாரம் பிற்காலத்து வரவு. நாட்டின் கல்வெட்டுகளில் கிழமை தெளிவாகக் குறிக்கப்பட்ட மிகப் பழைய சான்றாக ஆய்வாளர்கள் காட்டுவது, கி.பி. 484ஐச் சேர்ந்த புதகுப்தன் காலத்து ஏரண் தூண் கல்வெட்டு.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேறொன்று: இவற்றில் எதைக் கண்ணால் சரிபார்க்க முடியும்? நட்சத்திரத்தை ஓரளவுக்கு முடியும். யோகம் ஒரு கூட்டல் தொகை. அது மாறும் கணத்தில் வானத்தில் காண ஒன்றுமில்லை. திதி முடிவையும் சாதாரண நாளில் யாரும் பார்க்க முடியாது. சந்திரன் 84ஆம் பாகையிலிருந்து 85க்குப் போவதை வெறுங்கண் அறியாது. ஒரே விதிவிலக்கு கிரகணம். சூரிய கிரகணத்தின் நடுவில் அமாவாசை முடிகிறது. சந்திர கிரகணத்தின் நடுவில் பௌர்ணமி முடிகிறது. கணித்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாடு ஊரறிய வெளிப்படும் இடம் அது ஒன்றுதான்.

சூரிய மாதத்துக்குள் சந்திரத் திதி

தமிழ் மாதம் சூரிய மாதம். சூரியன் ஒரு ராசிக்குள் புகும் சங்கராந்தி அன்று சூரிய மறைவுக்கு முன் நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைவுக்குப் பின் என்றால் மறுநாள். ஆனால் அந்த மாதத்துக்குள் நாம் கொண்டாடுபவை பெரும்பாலும் சந்திரனைச் சார்ந்தவை: தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிப்பூரம். ஆந்திரமும் கன்னடமும் அமாவாசையில் முடியும் சந்திர மாதத்தையும், வட இந்தியா பௌர்ணமியில் முடியும் மாதத்தையும் கொள்கின்றன. தமிழ் வழக்கு இரண்டையும் பின்னிக்கொண்டது.

பின்னல் எங்கே இறுகும் என்பதை 2020இன் புரட்டாசி காட்டியது. செப்டம்பர் 17, புரட்டாசி முதல் நாள், மகாளய அமாவாசை. வழக்கமாக மறுநாள் நவராத்திரி தொடங்க வேண்டும். அந்த ஆண்டு தொடங்கவில்லை. அக்டோபர் 16, புரட்டாசி 30 அன்று இன்னொரு அமாவாசை வந்தது. இடைப்பட்ட சந்திர மாதத்தில் சங்கராந்தியே நிகழாததால் அது அதிக மாதம். நவராத்திரி ஐப்பசி முதல் நாள், அக்டோபர் 17 அன்று தொடங்கியது. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாளும் சில நாழிகையும். சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அந்தக் குறையை 19 ஆண்டுகளில் 7 அதிக மாதங்கள் ஈடுகட்டுகின்றன. அமாவாசையும் சங்கராந்தியும் நெருங்கி வரும் ஆண்டுகளில் சில நாழிகை வேறுபாடுகூட ஒரு முழு மாதத்தின் பெயரை மாற்றிவிடக் கூடியது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாக்கியம் கணக்கிடும் முறை

வாக்கியம் என்பது ஒரு கணித அட்டவணையைச் சொற்களாகக் கட்டி வைத்த ஏற்பாடு. எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறையில் அமைந்த 248 சிறு சொற்றொடர்கள், 248 நாட்களுக்கான சந்திரனின் பாகையையும் கலையையும் தருகின்றன. மரபு இவற்றை வரருசியின் பெயரால் வழங்குகிறது. முதல் வாக்கியத்தின் மதிப்பு 12 பாகை 3 கலை: சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவில், மிக மெதுவாக நகரும் நாளின் நடை. கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலை.

248 என்ற எண் காரணமின்றி வந்ததல்ல. சந்திரன் தன் உச்சத்திலிருந்து (பூமிக்கு மிகத் தொலைவான புள்ளி) புறப்பட்டு மீண்டும் உச்சத்துக்கு வர 27.5546 நாள் ஆகிறது. அதன் ஒன்பது மடங்கு 247.99. ஆக 248 நாளில் வேகத்தின் ஏற்ற இறக்கம் ஒன்பது சுற்று முடித்து, ஏறத்தாழ அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். எஞ்சும் சிறு பிழையைத் தீர்க்க 3031 நாள் (110 சுற்று), 12372 நாள் (449 சுற்று) என இரு பெரிய சுழற்சிகள் உண்டு. இந்த 248உம் 3031உம் 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில் வசிஷ்ட சித்தாந்தத்தின் பகுதியாக வருகின்றன. 248 நாள் அட்டவணை பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் இருப்பதை வானியல் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நாய்கெபௌவர் தமிழ் வானியல் பற்றிய தம் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். தமிழகத்தில் வழங்கும் முறையை விளக்கும் வாக்கியகரணம் 1300ஐ ஒட்டித் தோன்றியது. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையிலிருந்து வெளிவந்தது.

முறையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தம் முன் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்கிறார். அவரிடம் எழுதுகோல் இல்லை. வானியல் கோட்பாட்டு விளக்கமும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கணக்கை முடித்தார். 1825 மே 31 இரவு நிகழ்ந்த அந்தக் கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணிப்பு 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் விலகியதாக நாய்கெபௌவர் குறிப்பிடுகிறார். ஐந்து நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத ஓர் அட்டவணையிலிருந்து, மனக்கணக்காக வந்த விடை இது.

விடுபட்ட திருத்தம்

கிரகணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நிற்கும் இதே முறை, அஷ்டமியில் ஏன் ஐந்து மணி நேரம் வரை விலகுகிறது?

சந்திரனின் பாதை நீள்வட்டம். அதனால் அது சராசரி இடத்திலிருந்து 6.29 பாகை வரை முன்பின்னாக விலகுகிறது. சூரியனின் ஈர்ப்பு அந்த நீள்வட்டத்தை நீட்டியும் சுருக்கியும் 1.27 பாகை அளவுக்கு இன்னொரு விலகலை உண்டாக்குகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த இரண்டாவது விலகல் முதலாவதிலிருந்து கழிகிறது: 5.01 பாகை. அஷ்டமியில் அதனோடு கூடுகிறது: 7.56 பாகை.

இந்தியச் சித்தாந்தங்கள் (பழைய வானியல் நூல்கள்) இந்த விலகலுக்காகச் சந்திரனுக்குத் தரும் மந்தத் திருத்தம் ஏறக்குறைய 5 பாகை. முழு நீள்வட்டத்துக்குரிய 6.29 அவற்றில் இல்லை. கிரகண நாளுக்குரிய 5.01 இருக்கிறது. இதை வேறெப்படியும் விளக்க எனக்குத் தெரியவில்லை: இந்த எண்ணைக் கண்டவர்கள் கிரகணங்களைப் பார்த்தே கண்டார்கள். சூரியனின் கணக்கிலும் துணைச்சான்று உண்டு. ஆரியபட மரபு சூரியனுக்குத் தரும் திருத்தம் 2 பாகை 9 கலை. உண்மை 1 பாகை 55 கலைதான். பார்வைக்குப் பிழை. ஆனால் சந்திரனிடம் ஆண்டுதோறும் வந்து போகும் 11 கலை விலகல் ஒன்று உண்டு. சித்தாந்தங்களில் அதற்குத் தனித் திருத்தம் இல்லை. இரண்டையும் கூட்டினால் 2 பாகை 6 கலை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தொலைவை மட்டும் பார்த்து எண்ணை அமைப்பவருக்கு, சந்திரனின் பிழை சூரியன் பெயரில் ஏறிக்கொள்ளும். அந்தத் தொலைவு துல்லியமாக வெளிப்படுவது கிரகணத்தில்.

ஆகவே வாக்கியத் திதியின் பிழை அமாவாசையில் ஏறத்தாழ சுழி. வளர்ந்து அஷ்டமியில் இரண்டரைப் பாகை வரை எட்டும். பௌர்ணமியில் மீண்டும் அடங்கும். சந்திரன் சூரியனை விட்டு நாளுக்கு 12.2 பாகை விலகுவதால், இரண்டரைப் பாகை என்பது ஏறக்குறைய 5 மணி, அதாவது 12 நாழிகை. எல்லா அஷ்டமியிலும் இது நேராது. சந்திரோச்சத்துக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து, 411 நாள் சுழற்சியில் பிழை கூடியும் குறைந்தும் திசை மாறியும் வரும். அஷ்டமிக்கும் அமாவாசை, பௌர்ணமிக்கும் நடுவில் உச்சம் பெறும் வேறொரு சிறு விலகலும் (0.66 பாகை) வாக்கியத்தில் இல்லை, அதனால் ஏகாதசியிலும் பிழை அஷ்டமி அளவுக்கே போகக்கூடும்.

நடைமுறையில் இது என்ன செய்யும்? கோகுலாஷ்டமிக்கு நள்ளிரவில் அஷ்டமி இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஏகாதசிக்கு முந்தைய தசமி விடியற்காலை வரை தொடர்கிறதா என்பதில் ஸ்மார்த்தரும் வைணவரும் வேறுபடுகிறார்கள். சிராத்தத்துக்குப் பகலை ஐந்தாகப் பகுத்து நான்காம் பகுதியான அபராணத்தில் திதி உண்டா என்று பார்க்கிறோம். பகலின் ஐந்தில் ஒரு பங்கு 6 நாழிகை. 12 நாழிகை பிழையுள்ள கணக்கால் 6 நாழிகை அகலமுள்ள வாயிலை நிர்ணயிக்க முடியாது. இறந்தவரின் திதியைத் தவறவிடக் கூடாது என்று கவலைப்படும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி சனிக்கு வருவோம். 2023 டிசம்பர் 20 அன்று வாக்கியப்படி சனி கும்பத்தின் தொடக்கத்தில் இருந்தது. அன்றைய வானத்தில், லாகிரி அயனாம்சப்படி (அயனாம்சம் என்பது ராசிகளின் தொடக்கப் புள்ளியை நிர்ணயிக்கும் அளவு), அது கும்பத்தில் ஏறக்குறைய 8 பாகையில் இருந்தது. முழு நிலவின் அகலம் அரைப் பாகை. பதினாறு நிலவுகளை அருகருகே வைத்த தொலைவு இது. அயனாம்ச வேறுபாடு மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தராது. சூரிய, சந்திரருக்குக் கிரகணம் என்ற தேர்வு அடிக்கடி வந்தது. சனிக்கு அப்படியொரு தேர்வு இல்லை. அதன் கணக்கு நூற்றாண்டுகளாகக் கேட்பாரின்றி நகர்ந்துவிட்டது.

பாண விருத்தி, ரஸ க்ஷயம்

வாக்கியத் தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்வது நேர்மையாகாது. திதி 60 நாழிகைக்கு மேல் 5 நாழிகைதான் வளரலாம், 6 நாழிகைதான் குறையலாம் என்பது தர்மசாஸ்திர வட்டாரத்தில் வழங்கும் விதி: பாணம் ஐந்து, ரஸம் ஆறு. திருக்கணிதத் திதிகள் இந்த எல்லையை மீறுகின்றன. அவை 67 நாழிகை வரை வளர்கின்றன. 50 வரை சுருங்குகின்றன. ஆகவே அவை சாஸ்திரத்துக்கு ஒவ்வாதவை என்பது வாதம்.

இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சந்திரனுக்கு 5 பாகை மந்தத் திருத்தம் ஒன்றை மட்டும் வைத்தால், சூரியனை விட்டு அது விலகும் வேகம் நாளுக்கு 11.02 பாகையிலிருந்து 13.37 பாகை வரை மாறும். 12 பாகையை இவற்றால் வகுத்தால் திதியின் உச்ச நீளம் 65 நாழிகை. குறைந்த நீளம் 54 நாழிகை. விதி சொல்லும் 5உம் 6உம் அப்படியே கிடைக்கின்றன. எனவே இந்த விதி ஒரு குறிப்பிட்ட கணித முறையின் விளைவு. அந்த முறைக்கு வெளியே அதற்குத் தனி ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஒரு கணிதத்தின் விடையைக் கொண்டே அந்தக் கணிதத்தைச் சரி என்று நிறுவுவது வாதமாகாது.

இன்னொரு வாதம்: கண்ணுக்குத் தெரியும் நிகழ்வுகளுக்குத் திருக்கணிதம் போதும், கண்ணுக்குத் தெரியாத புண்ணிய பலனுக்குப் பழைய கணிதமே வேண்டும். இது உள்முரண் இல்லாத நிலைப்பாடு. ஆனால் திதி என்பதைச் சூரிய சந்திரரின் இடைவெளி என்றே எல்லா சித்தாந்தமும் வரையறுக்கிறது. அந்த வரையறையைக் கைவிடாமல், இடைவெளி எதுவாயினும் ஆகுக என்று சொல்ல முடியாது.

திருத்தமும் மரபுதான்

வாக்கியத்தை மாற்றுவது மரபை மீறுவது என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் இடமில்லை. விடுபட்ட இரண்டாம் திருத்தத்தை 932இல் மஞ்சுளர் தம் லகுமானசத்தில் எழுதிவிட்டார். கேரளத்தில் 683இல் ஹரிதத்தர் பரஹிதம் என்ற முறையை வகுத்தார். சங்கமகிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டில் சந்திர வாக்கியங்களையே விகலை வரை துல்லியமாக்கி மறுபடி எழுதினார். பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்டு குறித்து, 1431இல் திருக்கணித முறையை நிறுவினார். நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டித் தந்திரசங்கிரகத்தில் இரண்டாம் திருத்தத்தைச் சேர்த்தார். கண்டறிந்து திருத்துவதே சாஸ்திரத்தின் வழி என்று வாதிட்டு ஜோதிர்மீமாம்சை என்ற தனி நூலே எழுதினார். தமிழகத்து வாக்கியம் இந்தத் திருத்தங்கள் எதையும் ஏற்காமல் நின்றது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ரெட்டிகுலம் விண்மீன் தொகுதியில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தவர். அவர் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டு அதற்காக வாதாடினார். 1880இல் மறைந்தார். அவர் காலத்தில் தொடங்கிய வழக்குத்தான் இன்றும் நீடிக்கிறது. மேகநாத சாஹா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய சக நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அயனாம்சத்துக்கும் ஒரு பொது அளவு கிடைத்தது. கோயில் வழக்கு மட்டும் அசையவில்லை.

கோயில் அசைய முடியாது என்பதும் உண்மையில்லை. ஒடிசாவின் சாமந்த சந்திரசேகரர் (1835–1904) தொலைநோக்கி இல்லாமல், மூங்கில் கருவிகளால் வானத்தை அளந்து, விடுபட்ட மூன்று சந்திரத் திருத்தங்களையும் தாமே கண்டு சித்தாந்த தர்ப்பணத்தில் சேர்த்தார். அவர் நூல் சமஸ்கிருதச் செய்யுள். அவர் வைதிக ஆசாரம் தவறாதவர். பூரி ஜகந்நாதர் கோயில் அவருடைய கணிதத்தை ஏற்றது. தேரோட்டம் நிற்கவில்லை, வழிபாடும் குலையவில்லை.

செய்ய வேண்டியது

வாக்கியத்தைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் உள்ள கிழமை, திதி, நட்சத்திரங்களைக் கொண்டு ஆண்டுகளை நிறுவ எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை உழைத்தார். அவருடைய பஞ்சாங்க அட்டவணைத் தொகுதிகள் 1922இல் வெளிவந்தன. அந்தக் கல்வெட்டுகளை வெட்டியவர்கள் தங்கள் காலத்துப் பழைய கணிதத்தையே பயன்படுத்தினர். இன்றைய துல்லியக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் எழுதிய அஷ்டமியைச் சரிபார்த்தால் ஆய்வாளர் தடுமாறுவார். வாக்கியம் கற்பிக்கப்பட வேண்டும், காக்கப்பட வேண்டும்.

ஆனால் சிராத்தத் திதி, ஏகாதசி, அஷ்டமி, கிரகப் பெயர்ச்சி ஆகியவற்றை நிர்ணயிக்கும் தகுதி அதற்கு இன்று இல்லை. பஞ்சாங்கம் வெளியிடுவோர் இரண்டு காரியம் செய்யலாம். எந்தக் கணிதம், எந்த அயனாம்சம், எந்த ஊரின் சூரிய உதயம் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். வாக்கியப்படி வெளியிடுவோர் சப்தமி முதல் ஏகாதசி வரையிலான திதிகளுக்காவது திருக்கணித முடிவு நேரத்தைப் பக்கத்தில் தர வேண்டும். பல வாக்கியப் பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை ஏற்கெனவே திருக்கணிதப்படிதான் அச்சிடுகின்றன. வாக்கியம் நன்றாகத் தேறும் இடத்தில் திருக்கணிதத்தை ஏற்றுக்கொண்டு, அது தவறும் இடத்தில் மறுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.